பிள்ளைப்பூச்சி சேர்த்த பெயர்கள்

கப்பலின் வயிற்றிலிருந்து முப்பது ஆண்டுகள் மூட்டை மூட்டையாகத் தானியத்தைத் தூக்கிக் கரைசேர்த்த கைகளால் இன்று இந்த அவையையே தூக்கி நிறுத்தியிருக்கும் தலைவர், எங்கள் கிரேன்கார ஐயா அவர்களே! மேடையின் வலப்பக்கம் அமர்ந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட கிடங்கு மேலாளர் அவர்களே! சாக்குத் தைத்துத் தைத்து விரல் நுனி மரத்தாலும் மனம் மரத்துப்போகாத தாய்மார்களே! பாரம் சுமந்து தோள் காய்த்த பெரியவர்களே! என்னோடு முகமூடி மாட்டி, என்னோடு மூச்சடக்கி, என் வாயால் தினம் ஒரு வசவு வாங்கிய தோழர்களே! கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் பாதி உடலை மறைத்து நிற்கும் சில்வண்டு அண்ணன் அவர்களே! முன்வரிசையில், இடது ஓரத்தில், மடியில் கைகளைக் கோத்து அமர்ந்திருக்கும் அக்கா அவர்களே! அக்காவின் தோளில் சாய்ந்திருக்கும் மகளே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? மைக்கைச் சற்று உயர்த்துங்கள் ஐயா. இப்போது கேட்கிறதா? நல்லது. குரல் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எனக்கு மேடை புதிது. நான் படித்தது மூன்று வருடப் பட்டயம். பூச்சியைக் கொல்லும் தொழில்நுட்பம். தானியக் கிடங்கில் வண்டு விழுந்தால் கதவை அடைத்து, உள்ளே நச்சுவாயுவைப் பரப்பி, ஒன்றுவிடாமல் கொல்ல வேண்டும். எத்தனை டன் தானியத்துக்கு எத்தனை மாத்திரை, எத்தனை நாள் அடைப்பு, இதைக் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு என்ன? ‘ரஷ்ய மொழியிலும் பிற மொழிகளிலும் பூச்சிப் பெயர்கள் பிறந்த கதை!’

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொல்லுகிறவனிடம் போய்க் கொல்லப்பட்டவரின் குலம் கோத்திரம் கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். கிடங்குக்கும் ரஷ்ய மொழிக்கும் என்ன உறவு? கூலிக்காரனுக்கும் அகராதிக்கும் என்ன உறவு? சொல்கிறேன்.

இதோ, என் கையில் இருப்பது ஒரு நோட்டு. நாற்பது பக்கம். அட்டையில் எண்ணெய்க் கறை. இதன் சொந்தக்காரர் எங்கள் குழுவில் பத்தொன்பது வருடம் தினக்கூலியாக வேலை செய்தவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பிள்ளைப்பூச்சி.

வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பூச்சிப் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஓயாமல் கத்துகிறவர் சில்வண்டு. எல்லோரையும் கும்பிட்டே காரியம் சாதிப்பவர் கும்பிடுபூச்சி. எதைக் கண்டாலும் நறுக்கென்று கடிப்பவர் கட்டெறும்பு. எனக்கும் ஒன்று வைத்தார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. கழிவறைச் சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தது: குளவி. கொட்டுகிறவன் என்று பொருள். கோபப்பட்டேனா? இல்லை. சரியாகத்தானே எழுதியிருந்தார்கள்!

பிள்ளைப்பூச்சியோ, பெயருக்கேற்ற மனிதர். நிமிர்ந்து ஒரு சொல் சொன்னதில்லை, நிறுத்தி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். ஒருநாள் தேநீர் ஆறிப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். உடனே கட்டெறும்பு எழுந்து நின்று, “யோவ், எல்லாரும் வந்து பாருங்கய்யா, பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்சிருச்சு!” என்று கூவ, கடை முழுவதும் சிரிப்பு. அவரும் சிரித்தார். அந்த ஆறிய தேநீரையே குடித்துவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சிங்கம். துறைமுக வாசலில் வெளிநாட்டு மாலுமிகள் வந்து நின்றால், சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுப்பார். உள்ளே செத்த பூச்சி ஒன்று. தீப்பெட்டியைத் திறந்து மாலுமியின் மூக்குக்கு நேரே நீட்டி, புருவத்தை மட்டும் உயர்த்துவார். அவ்வளவுதான் கேள்வி! உலகத்தில் எந்த மொழிக்காரனுக்கும் புரிந்த கேள்வி. ‘உங்க வீட்ல இதை என்னன்னு கூப்பிடுவீங்க?’

ஒருநாள் ரஷ்யக் கப்பலின் சமையல்காரர், மலை போன்ற மனிதர், தீப்பெட்டியைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

“பாத்தியா, பயந்துட்டான்!” என்றார் சில்வண்டு. “இவ்ளோ பெரிய ஆளு, இத்துனூண்டு வண்டுக்கு!”

“பயமில்லண்ணே,” என்றார் பிள்ளைப்பூச்சி. “சமையல்காரர்ல. மாவுல இதைப் பாத்துப் பாத்து அருவருப்பு.”

சமையல்காரர் தன் மூக்கைப் பிடித்து இழுத்துக் காட்டி, “தல்கநோசிக்!” என்றார். நீள மூக்கன்! நம் அரிசி மூட்டையில் ஊரும் அதே வண்டு. நாம் அதன் முதுகைப் பார்த்துக் கூன்வண்டு என்றோம். அவர்கள் அதன் மூக்கைப் பார்த்து நீளமூக்கன் என்றார்கள். வண்டு ஒன்றுதான். பார்த்த கண்தான் வேறு.

அன்பர்களே! இந்த நோட்டில் இருப்பதை நான் அப்படியே நம்பிவிடவில்லை. நூலகத்தில் அகராதிகளை அடுக்கி வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சோதித்தேன். எதையும் சோதிக்காமல் நம்பாதவன் நான். ஒரே ஒரு நாள் தவிர. அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேளுங்கள்! பூச்சி என்ற இனத்துக்கே ரஷ்ய மொழியில் ‘நசிகோமயெ’ என்று பெயர். வெட்டு விழுந்தது என்று பொருள். கிரேக்கர் அப்படி அழைத்தார்கள், இலத்தீன்காரர் அதைப் பெயர்த்துக்கொண்டார்கள், ரஷ்யர்கள் அதையும் பெயர்த்துக்கொண்டார்கள். தலை தனி, மார்பு தனி, வயிறு தனி. கத்தியால் வெட்டி ஒட்டியது போன்ற உடம்பு அல்லவா? வெட்டுப்பட்ட பிறகும் உயிரோடு ஊரும் ஒன்றைப் பார்த்து மூன்று தேசத்து மனிதன் ஒரே சொல்லைச் சொன்னான்!

கும்பிடுபூச்சி! எங்கே அவர்? எழுந்து நிற்க வேண்டாம், அமருங்கள். கும்பிடவும் வேண்டாம்! உங்கள் பெயர் ரஷ்ய மொழியில் ‘பகமோல்’. கடவுளைத் தொழுகிறவர். ஆங்கிலத்திலும் தொழுகிறவர், ஜெர்மனிலும் தொழுகிறவர். கிரேக்கத்திலோ ஒருபடி மேலே போய், வருவதை முன்னறிந்து சொல்பவர் என்றே வைத்துவிட்டார்கள். கூப்பிய கை எந்த மொழியில்தான் வேறாகத் தெரியும்?

வெட்டுக்கிளிக்கு ரஷ்ய மொழியில் ‘குஸ்நேச்சிக்’. குட்டிக் கொல்லன்! அதன் சத்தம் சம்மட்டிச் சத்தம் போலக் கேட்டது என்கிறார்கள். நாம் மட்டும் சளைத்தவர்களா? தும்பிக்குத் தட்டான் என்று பெயர். பொன் தட்டுகிறவரும் தட்டான்தானே! அவர்கள் இரும்புப் பட்டறையைப் புல்லில் பார்த்தார்கள், நாம் பொற்பட்டறையைக் காற்றில் பார்த்தோம்.

சரி, பிள்ளைப்பூச்சி? மண்ணைத் தோண்டி மண்ணுக்குள் வாழும் அந்தச் சாதுப் பிராணிக்கு ஆங்கிலத்தில் அகழெலியின் பெயர். நமக்கோ அது பிள்ளை. ரஷ்யர்களுக்கு அது என்ன தெரியுமா? ‘மெத்வேத்கா’. கரடி! குட்டிக் கரடி! இந்தச் செய்தி தெரிந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! என்னிடமே வந்து, அந்த மெல்லிய குரலில், “சார், அந்த ஊர்ல நான் கரடியாம் சார்” என்றார். நான் என்ன சொன்னேன்? ‘மகிழ்ச்சி’ என்றேனா? “கரடியோ கழுதையோ, போய் வேலையைப் பாருங்க” என்றேன். அவர் நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி ஒரு பெயர். இதை நன்றாக நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கு நான் திரும்ப வருவேன். கரப்பான் பூச்சி! வீட்டுச் சமையலறையில் ஓடும் அந்தச் சின்னக் கரப்பானை ரஷ்யர்கள் ‘புருசாக்’ என்பார்கள். அதாவது பிரஷ்யன், ஜெர்மன்காரன். ஜெர்மன்காரர்கள் அதே கரப்பானை என்னவென்று சொன்னார்கள்? ரஷ்யன்! ஆங்கிலத்தில் அது ஜெர்மன் கரப்பான். பார்த்தீர்களா? உலகத்தில் கரப்பானைப் பெற்றவர் யாருமே இல்லை. எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது! தாய்மார்கள் பலமாகச் சிரிக்கிறீர்கள். நம் வீட்டிலும் அதே வழக்கம்தானே!

தன் வீட்டு அழுக்குக்கு அடுத்தவன் பெயரை வைப்பது. அது மட்டும் எல்லா மொழியிலும் ஒன்று.

கைதட்டாதீர்கள். இதற்குக் கைதட்டாதீர்கள்.

இப்போது எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடங்குக்கு இரண்டு கதவு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மாத்திரைத் தட்டுகளை மூட்டை அடுக்குகளில் வைத்துவிட்டு, பாதிப்பேர் முன்கதவால் வெளியே வருவார்கள், பாதிப்பேர் பின்கதவால். மாத்திரை காற்றின் ஈரத்தைக் குடித்து வாயுவாக மாறச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் நான் முன்கதவில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். பின்கதவில் இருப்பவர்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார்கள். முகத்தைப் பார்ப்பதில்லை. குரல்தான் கணக்கு. பதினொரு குரல் கேட்டால் கதவு மூடும், இடுக்கெல்லாம் தாள் ஒட்டும், பூட்டு விழும்.

பதினொரு குரலில் ஒரு குரல் கேட்காது. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். “பிள்ளைப்பூச்சி!” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. சுவரைச் சுற்றி ஓடிப் போய்ப் பார்த்தால், மனிதர் அங்கேதான் நிற்கிறார். “சொன்னேன் சார்” என்கிறார். மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போயிற்று. எனக்குப் பொறுமை போக மூன்று நாள் ஆனதே அதிசயம்! சுவருக்கு இப்பால் நின்று கத்தினேன்: “அந்த ஆளுக்குப் பதிலா வேற யாராவது சொல்லித் தொலைங்கய்யா! தினம் தினம் என்னால ஓட முடியாது!”

அடுத்த நொடி சுவருக்கு அப்பாலிருந்து சில்வண்டு அண்ணனின் வெண்கலக் குரல்: “பிள்ளைப்பூச்சி இருக்கு சார்ர்ர்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. இரண்டு வருடம்! நான் கூப்பிடுவேன், சில்வண்டு சொல்வார், நான் பேனாவால் ஒரு கோடு போடுவேன். அது அவர் குரல் இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். எதையும் சோதிக்காமல் நம்பாதவன் என்று சற்று முன் மார்தட்டினேனே, அந்தக் குளவிக்குத் தெரியும்!

போன வருடம் இதே மாதம். நான்காம் எண் கிடங்கு. மழை வரும்போல் இருந்தது. மழை விழுந்தால் கதவு இடுக்கில் தாள் ஒட்டாது, அதனால் அவசரம். எல்லோரும் வெளியேறும் நேரத்தில், நடு அடுக்கின் உச்சியில் ஒரு தட்டு சரிந்திருப்பது போல எனக்குத் தோன்றியது. பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

“அந்த மேல் தட்டை ஒரு தடவ பாத்துட்டு வந்துடுங்க. சீக்கிரம்.”

“சரி சார்” என்றார். நான் குனியாததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. உதடு அசைந்தது தெரிந்தது.

அவர் வழக்கமாகப் பின்கதவு ஆள். நான் முன்பக்கம் வந்தேன். எழுத்தர் ஏதோ தாளை நீட்டினார், லாரிக்காரர் ஏதோ கேட்டார், முதல் தூறல் என் கணக்குத் தாளில் விழுந்தது. “சீக்கிரம், சீக்கிரம்!” என்று பெயர்களைக் கூப்பிட்டேன். பிள்ளைப்பூச்சி என்றேன். பின்கதவில் அவரைக் காணாத சில்வண்டு, முன்கதவால் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, நாக்குப் பழகிய பழக்கத்தில், “இருக்கு சார்ர்ர்!” என்றார். நான் கோடு போட்டேன். கதவு மூடியது. தாள் ஒட்டியது. பூட்டு விழுந்தது.

ஒரு மணி நேரம் இருந்தது, அன்பர்களே! வாயு வர ஒரு முழு மணி நேரம் இருந்தது! ஒரு குரல் குறைகிறது என்று நான் கண்டிருந்தால், நடந்தே போய்த் தூக்கி வந்திருக்கலாம்!

மாலை ஐந்தரை. வாசலில் இந்த அக்கா வந்து நின்றார்.

“தம்பி, அவர் இன்னும் வரல. மகளுக்குக் கண்ணாடி வாங்கப் போகணும்னு சொல்லியிருந்தார். கடையை மூடிருவாங்க.”

“எல்லாரும் வெளிய வந்தாச்சும்மா. நான்தான் பேர் கூப்பிட்டேன். குரல் கேட்டேன்.”

“அவர் குரலா?” என்று கேட்டார்கள். வியப்பாகத்தான் கேட்டார்கள். “அவர் குரல் உங்களுக்கு அங்கேருந்து கேட்டுதா?”

பத்தொன்பது வருடம் அந்தக் குரலோடு வாழ்ந்தவருக்கு ஒரே கேள்வியில் விளங்கியது. பட்டயம் வாங்கியவனுக்கு இரண்டு வருடமாகத் தெரிந்தும் உறைக்கவில்லை.

உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். ஆணியில் அவர் சட்டை தொங்கியது. பையில் கை விட்டேன். ஒரு தீப்பெட்டி. இந்த நோட்டு.

முகமூடி போட்டு உள்ளே போனோம். அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே, உச்சியிலிருந்து விழுந்து, கால் மடங்கிக் கிடந்தார். கூப்பிட்டிருப்பார். நிச்சயம் கூப்பிட்டிருப்பார். பக்கத்தில் நின்றவருக்கே கேட்காத குரல், பூட்டிய கதவைத் தாண்டி யாருக்குக் கேட்கும்? கையில் நான் சரிபார்க்கச் சொன்ன அந்தத் தட்டு இருந்தது. அதை அவர் நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

ஒரு நிமிடம். யாரோ துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். படிக்கிறேன்: ‘நேரம் கருதி, தலைப்பில் மட்டும் பேசவும்.’ கையெழுத்து இல்லை. ஆனால் எழுத்து எனக்குப் பழக்கமான எழுத்துதான். மேலாளர் ஐயா, நான் தலைப்பை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பெயர் எப்படிப் பிறக்கிறது என்பதுதானே தலைப்பு? சொல்கிறேன். பழி என்ற பெயர் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன்.

மூன்றாம் நாள் உங்கள் அறைக்கு அழைத்தீர்கள். மேசையில் ஓர் அறிக்கை. ‘மேற்படி தொழிலாளி, எண்ணிக்கை முடிந்து வெளியே வந்த பின்னர், தம் சொந்த விருப்பத்தின்பேரில், பூச்சி சேகரிக்கும் பொருட்டு மீண்டும் உள்ளே சென்றதாகத் தெரிகிறது.’

“தட்டைப் பாக்கச் சொன்னது நான்தான் சார்” என்றேன்.

“அதை யார் கேட்டா?” என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தேநீர்கூட வரவழைத்தீர்கள். “அவருக்குப் பூச்சிப் பைத்தியம்னு ஊருக்கே தெரியும். போனவர் போயிட்டார். உனக்கு இருபத்தாறு வயசு. ஒரு வரிதானே தம்பி.”

மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் பொய் என்று தெரிந்தது. தீப்பெட்டி சட்டைப் பையில் இருந்தது, சட்டை ஆணியில் இருந்தது. பூச்சி பிடிக்கப் போகிறவன் தீப்பெட்டியை விட்டுவிட்டா போவான்? தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். அதைப் போடுவதிலும் எனக்கு அவசரம். எழுந்து போய்விட வேண்டும் என்ற அவசரம்.

அந்த ஒரு வரி என்ன செய்தது தெரியுமா? தெருவெல்லாம் ஒரே பேச்சு. ‘பூச்சி பொறுக்கப் போய்ச் செத்தான்.’ பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளையின் பையில் செத்த கரப்பானைப் போட்டு, “உங்கப்பாட்ட கேட்டுச் சொல்லு, இதுக்கு என்ன பேரு?” என்று சிரித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். விளக்கைச் சுற்றி ஓர் அந்துப்பூச்சி பறந்துகொண்டிருந்தது. தொழில் புத்தி, கையை ஓங்கினேன்.

“விடுங்க தம்பி” என்றார்கள். “இதுக்கு வண்ணத்துப்பூச்சியெல்லாம் சொந்தம். அதுக்கு ரஷ்யாவுல பாபச்கான்னு பேராம். பாபான்னா வயசான பொம்பளையாம். செத்தவங்க உசிரு அந்த ரூபத்துல வரும்னு அந்தக் காலத்துல நம்புனாங்களாம். அவர் சொல்லியிருக்கார்.” பிறகு சட்டென்று முகம் மாறியது. அலமாரியைத் திறந்து, அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த இந்த நோட்டை எடுத்து என் கையில் திணித்தார்கள். “கொண்டுபோய் எரிச்சிருங்க. இந்தப் பைத்தியந்தானே அவரைக் கொண்டுபோச்சு. எத்தனை தடவ சொன்னேன், வேண்டாம், வேண்டாம்னு. மத்தவங்க சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்க முகத்துக்கு நேரா பேசுறவரு. பொய் சொல்ல மாட்டீங்க.”

அக்கா, அன்று நான் வாயைத் திறக்கவில்லை. ஊரையே கொட்டுகிற குளவி, உங்கள் வீட்டில் ஊமையாக நின்றது. நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எரிக்கவில்லை. படித்தேன். பதினோரு மாதம் படித்தேன். நூலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஒவ்வொரு பெயரும் சரியாக இருந்தது. அவர் ஒரு சொல்லைக்கூடத் தவறாக எழுதவில்லை. நான் கையெழுத்திட்ட ஒரே வரி தவறு!

அவர் எழுதிய கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர். ‘பதியோன்கா.’ ஒரே நாள் வாழ்ந்து மடியும் பூச்சி; நம் ஈசல் போல. நாள் என்ற சொல்லில் பிறந்த பெயர். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்லையும் அவர் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்: ‘பதியோன்ஷிக்.’ தினக்கூலி வேலைக்காரன். அதன் கீழே அவர் கையெழுத்தில், பென்சிலால், ஒரே ஒரு வரி: ‘இது நாம.’

பத்தொன்பது வருடம், அன்பர்களே! ஒவ்வொரு காலையும் வேலைக்குப் பிறந்து, ஒவ்வொரு மாலையும் வேலையிலிருந்து நீங்கிய மனிதர் எழுதிய வரி அது. ‘நான்’ என்று எழுதவில்லை. ‘நாம’ என்று எழுதினார்.

இப்போது கரப்பானுக்குத் திரும்புகிறேன். ரஷ்யன் ஜெர்மானியன் பெயரை வைத்தான், ஜெர்மானியன் ரஷ்யன் பெயரை வைத்தான். நான் யார் பெயரை வைத்தேன்? என் அவசரம் பெற்ற பிள்ளைக்கு, என் அலட்சியம் பெற்ற பிள்ளைக்கு, பதில் சொல்ல முடியாமல் மண்ணுக்குள் போய்விட்டவரின் பெயரை வைத்தேன்! உயிரோடு இருந்தபோது அவர் குரலைப் பறித்தேன். இறந்தபின் அவர் மானத்தையும் பறித்தேன்.

அக்கா! இந்த ஊர் முன்னால், உங்கள் மகள் முன்னால் சொல்கிறேன். அவர் பூச்சி பிடிக்க உள்ளே போகவில்லை. வெளியே வரவே இல்லை. நான் அனுப்பினேன். நான் மறந்தேன். நான் பூட்டினேன். நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய பைத்தியம் அவரைக் கொல்லவில்லை. சில்வண்டு அண்ணே, நீங்களும் கொல்லவில்லை. ஒரு வருடமாகக் குசுகுசுவென்று பேசுகிறீர்களாமே, உங்கள் வீட்டில் சொன்னார்கள். தப்பு உங்க தொண்டையில இல்லண்ணே. என் நாக்குல.

இன்று காலை இதை அப்படியே எழுதி, கையெழுத்திட்டு, விசாரணை அலுவலரிடம் கொடுத்துவிட்டேன். இது அதன் நகல். தலைவர் ஐயா, பெற்றுக்கொள்ளுங்கள். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா என்று பின்னால் யாரோ கேட்கிறீர்கள். இருக்காது. வேறு என்னவெல்லாம் வரும்? வர வேண்டியது வரும். மேலாளர் ஐயா எழுந்து போகிறார். போகட்டும், வழிவிடுங்கள். யாரும் கூச்சல் போட வேண்டாம். கூச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய குரலைத் தொலைத்தவன் கேட்டுக்கொள்கிறேன், கூச்சல் வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கவில்லை அக்கா. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையும் உங்களுக்கு வேண்டாம்.

கேட்பது ஒன்றே ஒன்று. இந்த அவையிடம் கேட்கிறேன். இதோ, தகரத்தில் வெட்டிய பதினொரு வில்லை. உள்ளே போகிறவர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் அவரே, அவர் கையாலேயே, பலகையில் உள்ள ஆணியில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தால் கதவு மூடக்கூடாது. மழை வந்தாலும் மூடக்கூடாது! லாரி காத்திருந்தாலும் மூடக்கூடாது! என்னைப்போல் ஒரு குளவி வந்து கொட்டினாலும் மூடக்கூடாது! ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுக்கும் வழக்கம் இன்றோடு ஒழியட்டும். இதை எல்லாக் கிடங்குக்கும் கேட்டு வாங்குவீர்களா? உரக்கச் சொல்ல முடிந்தவர்கள் உரக்கச் சொல்லுங்கள். முடியாதவர்கள் கையை உயர்த்துங்கள். எண்ணிக்கொள்கிறேன்.

நன்றி. நன்றி. தூணருகே ஒரு கை. அதையும் எண்ணிவிட்டேன்.

கடைசியாக ஒருமுறை, என் குழுவின் பெயர்களைக் கூப்பிடுகிறேன். அவரவர் குரலில் அவரவர் சொல்லுங்கள். எனக்கு இன்று அவசரம் இல்லை.

கட்டெறும்பு. கேட்டது.

கும்பிடுபூச்சி. கேட்டது.

சில்வண்டு. மெதுவாகத்தான் சொன்னீர்கள் அண்ணே. காத்திருந்து கேட்டேன்.

பிள்ளைப்பூச்சி.

...

யாரும் சொல்லாதீர்கள்.

இதுதான். இந்த அமைதிதான். இந்த மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும் அமைதியை அன்று நான் ஒரு விநாடி கேட்டிருந்தால், இந்தப் பிள்ளை அன்று மாலை அப்பாவோடு கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கும்.

மகளே, மேலே வாம்மா. இது உன் அப்பாவின் நோட்டு. எரிக்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. பள்ளியில் யாராவது செத்த கரப்பானைக் காட்டி ‘இதுக்கு என்ன பேரு’ என்று கேட்டால், ஏழாம் பக்கத்தைத் திற. நாலு மொழியில் இருக்கிறது. நிமிர்ந்து நின்று சொல். கடைசியில் இன்னும் மூன்று பக்கம் காலியாக இருக்கிறது.

இவ்வளவு நேரம் பொறுமை காத்த தலைவருக்கும், அழுதுகொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், அழாமல் கேட்ட அக்காவுக்கும் என் நன்றி. நாளைக் காலை வேலைக்குப் போகும் தோழர்களே, கதவை மூடும் முன் ஒருமுறை ஆணிகளைப் பாருங்கள்.

வணக்கம்.